களைத்தவர்கள் முடிவெடுக்கக் கூடாது

“வரும்போது நான் வந்து கூட்டிட்டுப் போறேன்.”

“எதுக்கு?”

“எதுக்குன்னா என்ன கேள்வி? நீ வர்ற, அதுக்கு.”

“ரயில் இருக்கு, வாடகைக் கார் இருக்கு, ரொம்ப அவசரம்னா நம்ம ஊருக்கே சின்ன விமானம் இருக்கு. நான் என்ன வழி தெரியாத பாப்பாவா? நீங்க ஒரு நாள் வேனை நிறுத்தினா அந்தப் பிள்ளைங்க அத்தனையும் ஸ்கூலுக்கு நடந்தா போகும்?”

“‘வந்து கூட்டிட்டுப் போங்க’ன்னு ஒரு வார்த்தை சொல்லு. எங்க இருந்தாலும் வந்து நிக்கிறேன்.”

“சொல்ல மாட்டேன்.”

“தெரியும். அடுத்தவங்களுக்குன்னா ஊரையே எழுப்பிக் கேப்ப. உனக்குன்னு ஒண்ணு கேக்கச் சொன்னா வாய்க்குப் பூட்டு போட்டுக்குவ.”

போன முறை விடுமுறை முடிந்து அவள் வேலைக்குத் திரும்பியபோது, விமான நிலைய வாசலில் நடந்த பேச்சு இது. அவள் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அவள் வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றில் செவிலி. இதற்கெல்லாம் முன்பு, ஒரு முறை, கேட்காமலே அவர் அழைத்துப்போக வந்து நின்றார். வேனில் ஏறியதும் தொடங்கினாள்: யார் வரச் சொன்னது, பிள்ளைகளை யார் கொண்டுபோய் விட்டது, தூங்காமல் இவ்வளவு தூரம் ஓட்டி வந்து கண்ணைப் பாருங்கள் எப்படிச் சிவந்திருக்கிறது என்று வீட்டு வாசல்வரை திட்டிக்கொண்டே வந்தாள். அன்று அவர் ஒரு கொள்கை வகுத்துக்கொண்டார். கேட்டால் வருவேன். அவளிடம் ஏற்கெனவே ஒரு கொள்கை இருந்தது. கேட்க மாட்டேன்.

அவளுக்குள் கேட்க வேண்டும் என்ற ஆசை இல்லாமல் இல்லை. ஒவ்வொரு முறையும் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்போது, கம்பித் தடுப்புக்கு அப்பால் நிற்கும் முகங்களில் ஒரு முகத்தைத் தேடத்தான் செய்வாள். பிறகு, நாமே வேண்டாம் என்று சொன்னதுதானே என்று தன்னையே அதட்டிக்கொண்டு ரயில் பாலத்தின் பக்கம் திரும்பிவிடுவாள். நாள் முழுவதும் “சிஸ்டர், கொஞ்சம் வர்றீங்களா?” என்று கூப்பிடும் குரல்களுக்கு ஓடி ஓடி, கேட்பது என்பது கட்டிலில் கிடப்பவர்களின் வேலை, நிற்பவர்களின் வேலை இல்லை என்று எப்படியோ அவள் மனதில் பதிந்துபோயிருந்தது.

இந்த முறை அவளுக்கு அவசரம் இருந்தது. அவசரம் மகளின் கீழ்வரிசை முன்பல். மகளை எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டாம் வகுப்பு. வாலுவுக்கு முதல் பல் முளைத்ததைச் செவிலி போனில்தான் பார்த்தாள். முதல் பல் விழுவதையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரு பிடிவாதம். மகளுக்கு அதைவிடப் பெரிய பிடிவாதம்: அம்மாதான் பிடுங்க வேண்டும், அம்மாதான் நர்ஸ். அந்தப் பல் ஆடத் தொடங்கியதிலிருந்து வாலு வாயின் ஒரு பக்கத்தால் மட்டும் சாப்பிடுகிறாள். ஆப்பிளை வேண்டாம் என்று தள்ளிவிட்டாள். யாராவது சிரிக்க வைத்தால் வாயைப் பொத்திக்கொள்கிறாள்.

விமானத்தில் பல மணி நேரம் உட்கார்ந்திருந்தபோதே செவிலி யோசித்து முடித்திருந்தாள். சின்ன விமானத்துக்காகக் காத்துக் கிடக்க வேண்டும். காரில் போனால் வளைவில் குமட்டும். காலை ரயிலைப் பிடித்தால் பிற்பகலில் வீடு. ரயில்தான். விஷயம் முடிந்தது.

போன முறை பெட்டிகள் வரும் இடத்துக்கும் சாலைக்கும் நடுவில் ஒரு கதவு இருந்தது. இப்போது கதவுக்கு முன்னால் ஓர் ஆணையம் இருந்தது.

*

நெடுந்தொலைவுப் பயணிகள் தொடர்பயண நல ஆணையம் என்று சுவர் நீளத்துக்கு எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே ஆணையத்தின் குறிக்கோள்: நீங்கள் களைத்திருக்கிறீர்கள், நாங்கள் யோசிக்கிறோம். சாம்பல் நிறக் கம்பளம், குளிர்ந்த காற்று, எங்கேயோ புல்லாங்குழல். மண்டபத்தின் அந்தக் கோடியில் கண்ணாடிக்கு வெளியே சாலையும் வாடகைக் கார்களும் ரயில் நிலையத்துக்குப் போகும் பாலமும் தெரிந்தன. எல்லாம் பக்கத்தில்தான். பெட்டியை உருட்டினால் அதுவே போய்விடும் தூரம்.

கழுத்தில் நீலத் துணி கட்டிய வரவேற்புப் பெண் ஒருத்தி குறுக்கே வந்து நின்றாள்.

“வணக்கம் மேடம். நீங்க நெடும்பயணம் வந்திருக்கீங்க. அதனால அடுத்து எதுல போறதுன்னு நீங்க முடிவெடுக்கக் கூடாது.”

“நான் ஏற்கெனவே முடிவெடுத்துட்டேனேம்மா. ரயில்.”

வரவேற்புப் பெண்ணின் முகத்தில், கீழே விழுந்த குழந்தையைப் பார்ப்பது போன்ற கனிவு வந்தது. “எப்ப எடுத்தீங்க?”

“விமானத்துல.”

“பறந்துட்டு இருக்கும்போதே எடுத்திருக்கீங்க.” திரும்பி, சற்றுக் குரலுயர்த்திச் சொன்னாள். “சார், இங்க ஒருத்தங்க வானத்துலயே முடிவெடுத்திருக்காங்க.”

களைப்பு மதிப்பீட்டாளர் விரைந்து வந்தார். அவர் இதற்கு முன் பெட்டிகளை எடை போடும் பிரிவில் இருந்தவர். அந்தப் பழக்கத்தில் செவிலியை மேலிருந்து கீழ்வரை பார்த்தார், கைப்பிடி எங்கே என்று தேடுவது போல.

“ஒத்தைக் கால்ல நில்லுங்க.”

நின்றாள். வார்டில் மாற்றுச் செருப்பு அணிவதெல்லாம் அப்படித்தான். அவளுக்கு அது பழக்கம்.

“ஆடாம நிக்கிறீங்க,” என்றார் வருத்தமாக. “இதுக்குப் பேரு கள்ளத் தெம்பு. களைப்புலயே ரொம்ப ஆபத்தான கட்டம் இதுதான்.”

“ஆடியிருந்தா?”

“ஆடியிருந்தா சாதாரணக் களைப்பு. சரி, சொல்லுங்க. ரயில், விமானம், கார், இதுல எது நல்லது?”

“எனக்கு ரயில்.”

“யோசிக்காமச் சொல்றீங்க. களைப்பு.”

செவிலி வாயை மூடிக்கொண்டாள்.

“பதிலே வர மாட்டேங்குது. முத்தின களைப்பு.”

“சார், நான் நர்ஸ். களைப்புன்னா என்னன்னு எனக்கும் கொஞ்சம் தெரியும்.”

“ஐயோ, மருத்துவத் துறையா?” அவர் ஒரு மஞ்சள் ஒட்டுவில்லையை எடுத்து அவள் தோளில் ஒட்டினார். “நீங்கல்லாம் களைப்பை மறைக்கப் பயிற்சி எடுத்தவங்களாச்சே. உங்ககிட்டதான் நாங்க ஜாக்கிரதையா இருக்கணும்.”

இப்படியாக அவள் களைத்தவள் என்று சான்றளிக்கப்பட்டு, ஓய்வு மண்டபத்துக்கு அனுப்பப்பட்டாள். கண்ணாடிக்கு வெளியே, பாலத்தின் மீது, காலை ரயிலுக்குப் போகிறவர்கள் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். அவர்கள் குறும்பயணிகள். அவர்களுக்குச் சொந்தப் புத்தி அனுமதிக்கப்பட்டிருந்தது.

*

ஓய்வு மண்டபத்தில் சாய்வு நாற்காலிகள் வரிசையாகப் போடப்பட்டிருந்தன. மெத்தென்று இருந்தன. செவிலி உட்கார்ந்து தலையைச் சாய்த்ததும் பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு கை அவளைத் தட்டியது.

“மேடம், தூங்கிடாதீங்க. தூங்கினா களைப்பு போயிடும்.”

“போனா நல்லதுதானே?”

“களைப்பு போயிட்டா சான்று செல்லாது. மறுபடி ஒத்தைக் கால்லேருந்து ஆரம்பிக்கணும்.”

சொன்னவர் கசங்கிய கோட்டும் டையும் அணிந்த ஒரு மனிதர். டை மட்டும் இன்னும் முடிச்சு அவிழாமல் இருந்தது. தாடி இரண்டு நாள் வளர்ந்திருந்தது. தேநீர் இயந்திரத்தில் எந்தப் பொத்தான் வேலை செய்யாது, எந்த நாற்காலிக்குக் குளிர்காற்று நேராக வராது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

“தம்பி கல்யாணத்துக்கு வந்தேன்,” என்றார். “பதிவுத் திருமணம். சாட்சிக் கையெழுத்து நான்தான் போடணும்னு தம்பி ஒத்தைக் கால்ல நின்னான். நான் இங்க ஒத்தைக் கால்ல நின்னுட்டிருந்தேன்.”

“கல்யாணம் எப்ப?”

“நேத்து முடிஞ்சுது. போன்ல பார்த்தேன். நல்லா இருந்தது. என் கையெழுத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் போட்டாரு.” அவர் டையைச் சரிசெய்துகொண்டார். “இப்பவும் விடிஞ்சதும் கட்டிக்கிறேன். எப்ப விடுவாங்கன்னு சொல்ல முடியாது பாருங்க.”

செவிலி அதற்குமேல் உட்கார்ந்திருக்கவில்லை. எழுந்து போய்க் கணவருக்குப் போன் போட்டாள்.

“எங்க இருக்க?” என்றார் அவர், மணி அடிப்பதற்கு முன்பே.

“இன்னும் உள்ளதாங்க. ஏதோ ஆணையமாம், என்னை ரயில்ல விட மாட்டேங்கறாங்க.”

“பாத்தே... கேள்விப்பட்டேன். சாப்பிட்டியா?”

“அதை விடுங்க. அவ பல்லு?”

போன் கை மாறியது. “அம்மா! பல்லு ஒரு ஓரத்துலதான் ஒட்டிட்டு இருக்கு. நாக்கால தள்ளினா கதவு மாதிரி திறக்குது!”

“தள்ளாதடி!”

“நான் எங்க தள்றேன்? நாக்குதான் தள்ளுது. நான் சொன்னா கேக்க மாட்டேங்குது.” பிறகு குரலைத் தணித்து, “அம்மா, ஒண்ணு சொல்லவா? அப்பா சொல்லக் கூடாதுன்னு...”

“வாலு!” என்று அவர் அதட்டுவது கேட்டது. போன் மறுபடி கை மாறியது.

அந்த நேரம் மண்டபத்தில் மணி மூன்று முறை ஒலித்து, தேன் குரலில் அறிவிப்பு வந்தது: ஓய்வாக இருங்கள், உங்களுக்காக நாங்கள் யோசித்துக்கொண்டிருக்கிறோம். அதே மணியும் அதே குரலும் போனுக்குள் கொஞ்சம் பிந்திக் கேட்டன. போன் எதிரொலிக்கிறது என்று அவள் நினைத்தாள்.

“என்ன ரகசியம் அப்பாவுக்கும் மகளுக்கும்?”

“ஒண்ணுமில்ல.” அவர் சற்றுத் தயங்கினார். “உனக்கு ஏதாவது வேணும்னா கேளேன்.”

“எனக்கு என்ன வேணும்? நான் பாத்துக்கறேன். நீங்க அவளுக்குக் கஞ்சி மாதிரி ஏதாவது குடுங்க,” என்று வைத்துவிட்டாள்.

*

நண்பகலுக்குப் பிறகு அவளைக் கூப்பிட்டார்கள். ஒரே மேசைக்குப் பின்னால் ரயில் அதிகாரி, கார் அதிகாரி, விமான அதிகாரி மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஆணையத்தில் நடுநிலை விதி ஒன்று உண்டு. எந்த அதிகாரியும் தன் துறையைப் பரிந்துரைக்கக் கூடாது, அது சுயநலம். அடுத்தவர் துறையையும் பரிந்துரைக்கக் கூடாது, அது தலையீடு. தன் துறையின் ஆபத்துகளைச் சொல்லலாம். அது தியாகம்.

ரயில் அதிகாரி நரைத்த மீசைக்காரர். செவிலியை ஏக்கமாகப் பார்த்தார்.

“ரயில்ல போனா தூங்கிடுவீங்க மேடம். தூங்கினா உங்க ஊர் தாண்டிடும். ஒருத்தர் கடைசி நிலையம்வரைக்கும் தூங்கினாரு. திரும்பி வரும்போதும் தூங்கினாரு. எங்களுக்குக் கிடைச்ச தகவல்படி இன்னும் போயிட்டு வந்துட்டுதான் இருக்காரு.” சட்டென்று குனிந்து, மற்ற இருவருக்கும் கேட்காமல், “எனக்கு ரயில்னா உயிரு,” என்று முணுமுணுத்துவிட்டு நிமிர்ந்துகொண்டார்.

கார் அதிகாரி இளைஞர். தலைமுடியில் எண்ணெய் போல எதையோ தடவி வாரியிருந்தார். “கார்ல டிரைவர் முழிச்சிட்டிருப்பாரு, நீங்க தூங்குவீங்க. ஒரே வண்டிக்குள்ள ரெண்டு நிலைமை. ஆணையம் சமத்துவத்தை நம்புது. ரெண்டு பேரும் முழிச்சிருக்கணும், இல்ல ரெண்டு பேரும் தூங்கணும்.”

விமான அதிகாரி அம்மாள் ஒரு புன்னகையை எடுத்து மாட்டிக்கொண்டார். “விமானத்துல ஒரே ஒரு சிக்கல்தான். விமானத்துல போனீங்கன்னா, மறுபடி விமானத்துல வந்தவங்க ஆயிடுவீங்க. உங்க ஊர்ல இறங்கினதும் அங்க எங்க கிளை இருக்கு.”

“அது சின்னப் பயணம்தானேம்மா?”

“ரெண்டையும் கூட்டித்தான் பாப்போம்.”

“அப்ப நான் எதுலதான் போறது?”

“அதை நாங்க மூணு பேரும் ஒருமனதாச் சொல்லணும்.”

“சொல்லுங்க.”

“சொல்லக் கூடாதே,” என்றார் ரயில் அதிகாரி.

செவிலி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். “இதுவரைக்கும் யாருக்காவது எதையாவது சொல்லியிருக்கீங்களா?”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார்கள். “ஒருத்தருக்கு ஒருமனதாச் சொன்னோம் மேடம். நடந்து போகச் சொன்னோம். அது எங்க யாரோட துறையும் இல்ல.”

“போனாரா?”

“தெரியல. அதைக் கண்காணிக்கத் தனிப் பிரிவு கேட்டிருக்கோம்.”

அவள் வெளியே வந்தபோது மறுபடி போன். வாலு அழுதுகொண்டிருந்தாள். “அம்மா, தண்ணி குடிச்சாக்கூட ஆடுதும்மா. ரத்தம் வருது. அப்பா பாக்கறேன்னு சொல்றாரு, நான் விட மாட்டேன். நீ எப்பம்மா வருவ?”

“வந்துட்டேன் செல்லம். வந்துட்டேன்.”

“இதேதான் காலையில இறங்கினப்பவும் சொன்ன.”

*

அன்றைக்கென்று பார்த்து ஆணையத்தின் தலைவர் வருகை தந்தார். ஆணையம் தொடங்கி ஓராண்டு நிறைவு. சாய்வு நாற்காலிகளை நிமிர்த்தினார்கள். மேடை, பூங்கொத்து, ஒலிபெருக்கி எல்லாம் வந்தன. பயணிகள் கைதட்ட வேண்டிய இடங்களில் மண்டபத்தின் விளக்குகள் இருமுறை மினுங்கும் என்று வரவேற்புப் பெண் விளக்கினாள். களைத்தவர்களுக்கு எப்போது கைதட்டுவது என்று தெரியாதல்லவா?

தலைவர் நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு மேடையேறினார்.

“இந்த ஆணையம் தோன்றுவதற்கு முன்னால் நிலைமை என்ன? பயணிகள் விமானத்தை விட்டு இறங்கினார்கள். பெட்டியை எடுத்தார்கள். வீட்டுக்குப் போனார்கள்.” அவர் குரல் கம்மியது. “சும்மா போனார்கள், நண்பர்களே! ஓர் ஆலோசனை கிடையாது. ஒரு மதிப்பீடு கிடையாது. எப்படிப் போனார்கள், ஏன் போனார்கள், எவருக்கும் தெரியாது. அந்தக் காலத்தை நினைத்தால் இன்றும் என் உடல் நடுங்குகிறது.”

விளக்குகள் மினுங்கின. அதிகாரிகள் கைதட்டினார்கள்.

“இன்று? ஆணையம் வந்தபிறகு இந்த மண்டபத்தின் பயணி எவரும் தவறான வாகனத்தில் ஏறியதில்லை. ஒருவர்கூட! எந்த வாகனத்திலும் ஏறாத ஒருவர் தவறான வாகனத்தில் எப்படி ஏற முடியும்? முன்பெல்லாம் ஒரு புகாரும் வராது. காரணம், புகார் சொல்ல ஆளே இங்கு இருக்காது. இன்று புகார்கள் குவிகின்றன. மக்கள் பங்கேற்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?”

மினுக்கம். கைதட்டல்.

“இந்த மூன்று வாகனங்களில் உங்களுக்கு அனுபவம் உண்டா என்று சிலர் என்னைக் கேட்கிறார்கள். இல்லை. ரயிலில் ஏறிப் பல காலம் ஆயிற்று. அலுவலகக் கார் என் வீட்டு வாசலுக்கே வரும். எங்கே போகிறோம் என்பதைக்கூட ஓட்டுநர்தான் முடிவு செய்வார். அதனால்தான் சொல்கிறேன், எனக்கு எந்தச் சார்பும் கிடையாது!”

பிறகு, மண்டபத்தில் மிக நீண்ட காலம் தங்கியதற்காக டைக்காரரை மேடைக்கு அழைத்து, பொறுமைப் பயணி என்ற பட்டமும், ஆணையத்தின் முத்திரை பொறித்த கழுத்துத் தலையணையும் கொடுத்தார்கள். தூங்கக் கூடாத மண்டபத்தில் தலையணையோடு நின்ற அந்த மனிதர் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல், சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டிய அந்தக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்.

செவிலி எழுந்தாள். எழ வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. வார்டில் எச்சரிக்கை மணி அடித்தால் கால் தானாக எழுமே, அப்படி எழுந்தது.

“சார், ஒரு சந்தேகம்.”

தலைவர் மகிழ்ந்தார். “பார்த்தீர்களா, பங்கேற்பு! கேளுங்கள் அம்மா.”

“நான் வேலை பாக்கற ஆஸ்பத்திரியில ராத்திரி முழுக்க நின்னுட்டு, அது முடிஞ்சு இன்னொருத்தி வரலைன்னு அவ வேலையையும் சேர்த்துப் பாத்திருக்கேன். அந்தக் கண்ணோட, அந்தக் கையோட, ஒரு உயிருக்கு எவ்வளவு மருந்து ஏத்தணும்னு முடிவெடுத்திருக்கேன். அப்ப ஒருத்தரும் வந்து ‘நீ களைச்சிருக்க, நீ முடிவெடுக்காதே’ன்னு சொல்லல. தோள்ல மஞ்சள் வில்லை ஒட்டல. புல்லாங்குழல் ஊதல. வேலை வாங்கும்போது யார் கண்ணுக்கும் தெரியாத என் களைப்பு, நான் என் வீட்டுக்குப் போகும்போது மட்டும் உங்க கண்ணுக்கு எப்படி சார் தெரியுது?”

விளக்குகள் மினுங்கவில்லை. ஆனாலும் டைக்காரர் கைதட்டினார். தலையணை கீழே விழுந்தது.

“இவரோட தம்பி கல்யாணம் போச்சு. அதுக்கு ஒரு தலையணை. என் பொண்ணு ஒரு பல்லை நாக்கால பிடிச்சிட்டு எனக்காகக் காத்திருக்கா. அது விழுந்துட்டா எனக்கு என்ன சார் குடுப்பீங்க? போர்வையா? அந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரயில் நிக்குது, கார் நிக்குது. நீங்க யாரும் இல்லைன்னா நான் எதுல வேணா போயிருப்பேன். இந்த உலகத்துல எனக்கு வழி தெரியாத ஒரே இடம் நீங்க நடுவுல வந்து நிக்கிற இடம்தான்!”

 புல்லாங்குழல் மட்டும் விடாமல் ஊதியது.

தலைவர் மதிப்பீட்டாளரின் பக்கம் சாய்ந்தார். ஒலிபெருக்கி அணைக்கப்படவில்லை. “கோபமா இது?”

“ஆமாங்க ஐயா. களைப்போட கடைசிக் கட்டம்.”

“அடடா. நல்ல வேளை, நாம இருக்கோம்.” தலைவர் நிமிர்ந்து, அவளைப் பார்த்து உண்மையான பரிவோடு கைகூப்பினார். “அம்மா, உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் இந்த ஆணையமே.”

மதிப்பீட்டாளர் அவள் தோளிலிருந்த மஞ்சள் வில்லையை உரித்தார். சிவப்பு வில்லையை ஒட்டினார். மறுபடி முதலிலிருந்து.

*

வெளியே வெயில் சாயத் தொடங்கியிருந்தது. செவிலி சாய்வு நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்திருந்தாள்.  டைக்காரர் ஒரு காகிதக் கோப்பையில் தேநீர் கொண்டுவந்து நீட்டினார்.

“நல்லாப் பேசினீங்க மேடம். யாரும் கேக்கல, ஆனா நல்லாப் பேசினீங்க.” மூலையைக் கண்ணால் காட்டினார். “அந்த மூலையில பச்சைக் கதவு ஒண்ணு இருக்கு, பாத்தீங்களா?”

பூந்தொட்டிக்குப் பின்னால் பாதி மறைந்து ஒரு சிறிய பச்சைக் கதவு இருந்தது.

“அது வீட்டு ஆளுங்க வந்து கூட்டிட்டுப் போறவங்களுக்கு. அப்படிப் போறவங்க வாகனத்தைத் தேர்ந்தெடுக்கல பாருங்க, அவங்களை யாரோ தேர்ந்தெடுத்துட்டாங்க. அதனால ஆணையத்துக்கு அவங்க மேல அதிகாரம் இல்ல. சட்டம் எழுதினப்ப இதை அடைக்க மறந்துட்டாங்களாம்.”

“அப்ப நீங்க ஏன் சார் இங்கயே இருக்கீங்க?”

“தம்பி கல்யாண வேலையில இருந்தான். அந்த நேரத்துல போய் என்னைக் கூட்டிட்டுப் போடான்னு எப்படிக் கேக்கறது? தொந்தரவு இல்லையா?” டையின் முனையை விரலில் சுற்றினார். “நேத்து போன்ல அழறான். ‘ஒரு வார்த்தை கேட்டிருந்தா மாலையோட வந்திருப்பேனேண்ணா’ன்னு.”

செவிலி தேநீரைக் குடிக்கவில்லை. எழுந்து பச்சைக் கதவை நோக்கி நடந்தாள். வரவேற்புப் பெண் வேகமாக வந்து கதவின் பக்கத்தில் நின்றுகொண்டு, மனப்பாடம் செய்ததை ஒப்பித்தாள்.

“இந்தக் கதவுக்கு விதி இருக்கு மேடம். நீங்களே போன் பண்ணி, என் காதுல விழற மாதிரி, வாய்விட்டுக் கேக்கணும். சுத்தி வளைச்சுக் கேட்டா செல்லாது. அவங்க தானா உள்ள வந்தா அது ஊடுருவல். வந்து வெளியில நிக்கிறதை உங்களுக்குத் தெரியப்படுத்தினா அது தூண்டுதல். அப்படி ஏதாவது சொல்லிட்டாங்கன்னா நீங்க அந்தக் கதவுல போகவே முடியாது. வெளியில பெரிசா எழுதி வச்சிருக்கோம், வர்றவங்ககிட்ட காவலாளியும் சொல்லித்தான் நிறுத்தி வைப்பாரு.”

செவிலியின் கை போனை எடுத்தபடி நின்றது. காலையிலிருந்து கேட்டதெல்லாம் ஒன்றன் பின் ஒன்றாகத் திரும்பி வந்தது. அவர் பாதியில் விழுங்கிய வார்த்தை. அப்பா சொல்லக் கூடாதுன்னு... உனக்கு ஏதாவது வேணும்னா கேளேன். போனுக்குள் பிந்திக் கேட்ட அந்த மூன்று மணியோசை. எந்த எதிரொலியும் அவ்வளவு தெளிவாகக் கேட்காதே.

எண்ணை அழுத்தினாள். அவர் உடனே எடுத்தார். 

“என்னங்க.”

“ம்.”

“சாயங்காலம் உங்களுக்கு வேலை ஏதாவது இருக்கா?”

வரவேற்புப் பெண் தலையை ஆட்டினாள். “செல்லாது மேடம்.”

“இல்ல, வேன் சும்மாதான் நிக்குதோன்னு...”

“செல்லாது.”

“இங்க சாப்பாடு ஒண்ணும் சரியில்ல. பெட்டி வேற கனமா இருக்கு...”

“மேடம், பெட்டியைப் பத்திப் பேசினா அது சரக்குப் பிரிவு.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இத்தனை வருடங்களாகச் சொல்லாமல் வைத்திருந்த அந்த வார்த்தை இப்போது வேர் விட்டிருந்தது போலிருந்தது. போனின் மறுபக்கம் அவர் மூச்சு கேட்டது. எதுவும் எடுத்துக் கொடுக்காமல், எதுவும் சொல்லிவிடாமல், அந்த மனிதர் காத்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்தா? நேற்று ராத்திரியிலிருந்தா?

“அம்மா,” என்றது ஒரு சின்னக் குரல், வாய்க்குள் விரல் இருப்பதால் குழறிக்கொண்டு. “விரலால பிடிச்சிட்டிருக்கேன். சீக்கிரம்.”

மண்டபத்தில் மணி மூன்று முறை ஒலித்தது. ஓய்வாக இருங்கள், உங்களுக்காக நாங்கள் யோசித்துக்கொண்டிருக்கிறோம். போனுக்குள்ளும் அதே மணி, அதே குரல், ஒரு கதவு தூரத்தில்.

காலையிலிருந்து அத்தனை பேரிடமும் இல்லை, இல்லை என்று அவள் சாதித்த ஒன்று, முதலில் வெளியே வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மற்றதும் வந்தது. மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி, அழுகையும் ஆங்காரமுமாக, அவள் சொன்னாள்:

“நான் ரொம்பக் களைச்சுப் போயிட்டேங்க. வந்து என்னைக் கூட்டிட்டுப் போங்க.”